ரீசெட் பட்டனை மறுபடி அழுத்தும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் தொடங்கும் நேரத்தில் நீரைச் சூடாக்கி அறை ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கும் அனுப்பும் வீட்டு கேஸ் பாய்லரின் பராமரிப்புக் குறிப்புகளைப் பத்திரிகைகள் வெளியிடுவது நல்ல வழக்கம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டே யோசனைகளோடு நின்றுவிடுகின்றன: பாய்லர் அணைந்தால் ரீசெட் பட்டனை அழுத்துங்கள், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஏற்றுங்கள். இரண்டும் தவறல்ல, ஒரு தடவை செய்து பார்க்கலாம். வாரம் தவறாமல் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் பழுது உள்ளே வளர்கிறது, நாம் அதை மூடி மறைக்கிறோம் என்று அர்த்தம். பாய்லர் தானாக நிற்பது பெரும்பாலும் வீட்டைக் காப்பாற்றத்தான். ஏன் நின்றது என்று தேடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் ஓர் எல்லை. பாய்லரின் முன்மூடியைக் கழற்றுவது வீட்டுக்காரர் வேலையல்ல. இன்றைய பாய்லர்கள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளுபவை. பல மாடல்களில் அந்த மூடியும் அதன் ரப்பர் விளிம்பும்தான் எரியறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு. அதைக் கழற்றிவிட்டுச் சரியாக மூடாமல் விட்டால் நச்சுப்புகை வீட்டுக்குள் வரும். வெளியிலிருந்தபடியே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. மூடியைத் திறக்க வேண்டிய வேலை எது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பாய்லர் அசையவே இல்லை என்றால் சாதாரணக் காரணங்களை முதலில் கழியுங்கள். சமையலறை அடுப்பு எரிகிறதா? பாய்லருக்குப் போகும் சுவிட்சின் ஃபியூஸ் சரியா? சுவரிலுள்ள ஒயர்லெஸ் தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கிறதா? மின்தடைக்குப் பிறகு டைமரின் நேரம் மாறிப்போய், இரவைப் பகல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா? தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்தைவிட ஐந்து டிகிரி உயர்த்திப் பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பற்றிக்கொள்கிறது, ரேடியேட்டருக்கு மட்டும் பற்றவில்லை என்றால் பாய்லரைவிட தெர்மோஸ்டாட், டைமர் பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால், காது கொடுத்துக் கேட்பதுதான் அடுத்த சோதனை. பற்றவைக்கும் வரிசை ஏறக்குறைய எல்லா நவீன பாய்லர்களிலும் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டோ வெந்நீர்க் குழாயோ சூடு கேட்கும். பம்ப் ஓடத் தொடங்கும், ஃபேன் சுழலும். காற்று சரியாக நகர்கிறது என்று உறுதியானதும் டிக் டிக் என்று பொறி விழும், கேஸ் வால்வு திறக்கும், தீ பிடிக்கும். பிடித்த தீயை, அதற்குள் நீட்டியிருக்கும் உலோக மின்முனை உணர்ந்து கண்ட்ரோல் போர்டுக்குச் சொல்லும். சில விநாடிகளுக்குள் அந்தச் செய்தி வராவிட்டால் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். சில முறை முயன்றுவிட்டு பாய்லர் தன்னைப் பூட்டிக்கொண்டு பிழை எண்ணைக் காட்டும். இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்ட மாதிரி.

ஃபேன் சத்தமே வரவில்லை என்றால் மின்சாரம், நீர் அழுத்தம், ஃபேன், கண்ட்ரோல் போர்டு இவற்றில் ஒன்று. ஃபேன் சுழல்கிறது, பொறி விழவில்லை என்றால் வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயைப் பாருங்கள். பறவைக் கூடு, சருகு, பனி ஏதாவது அடைத்திருக்கலாம். பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் அணைகிறது என்றாலும் சந்தேகம் புகைக்குழாய் மேல்தான். பொறி விழும் சத்தம் கேட்கிறது, தீ மட்டும் இல்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை. வால்வு பாதி மூடியிருக்கலாம். முன்பணம் கட்டும் மீட்டரில் பணம் தீர்ந்திருக்கலாம். சிலிண்டர் கேஸ் என்றால் குளிரும் காரணமாகலாம். பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே பியூட்டேன் ஆவியாவது நின்றுவிடும். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். உறைகுளிரில் சிலிண்டரை வெளியே வைப்பவர்களுக்கு புரோபேன்தான் ஏற்றது. சிலிண்டரைச் சூடாக்கவோ படுக்கவைக்கவோ கூடாது.

தீ பிடித்து, மூன்று நான்கு விநாடிகளில் தானாக அணைகிறது என்பது தனி வகைப் பழுது. இதைத்தான் ஆட்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டு கேஸ் வால்வை மாற்றச் சொல்கிறார்கள். தீ மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் ஒரு திசையில்தான் நன்றாகக் கடத்தும். மின்முனைக்குத் தரும் மாறுமின்னோட்டம் தீ வழியாக பர்னருக்கும் அங்கிருந்து எர்த்துக்கும் போகும்போது, சில மைக்ரோ ஆம்பியர் அளவுள்ள நேர்மின்னோட்டமாகிவிடுகிறது. அந்தச் சின்ன மின்னோட்டம் இருந்தால் தீ இருக்கிறது என்று கண்ட்ரோல் போர்டு நம்பும். மின்முனையின் நுனியில் வெளுத்த சாம்பல் நிறத்தில் படிவு ஏறினாலோ, அதைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ மின்னோட்டம் குறைந்துவிடும். தீ எரிந்துகொண்டிருக்கும், போர்டுக்குத் தெரியாது, கேஸை நிறுத்திவிடும். எர்த் இணைப்பு தளர்ந்தாலும் இதே கதைதான். சில மாடல்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலே போதும். ஆகவே வீட்டில் வயரிங் வேலை நடந்த மறுநாள் இந்தப் பழுது வந்தால், விலை கூடிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன் பாய்லருக்குப் போகும் மின் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்முனையைத் துடைப்பதும் மாற்றுவதும் மூடியைத் திறந்து செய்யும் வேலை. உரிமம் பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும்.

பர்னரைப் பற்றவைக்க பைலட் என்ற சிறு சுடர் எப்போதும் எரியும் பழைய பாய்லர்களில் தீயை உணரும் வேலையைத் தெர்மோகப்பிள் செய்கிறது. சுடரில் காய்ந்தால் அது 20, 30 மில்லிவோல்ட் தரும். கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும் காந்தத்துக்கு அது போதும். குமிழை அழுத்திப் பற்றவைத்து 20 முதல் 30 விநாடி வரை பிடித்திருந்து விட வேண்டும். விட்டதும் பைலட் அணைகிறது என்றால் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம், அதன் நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது பைலட் துளையில் தூசி அடைத்துச் சுடர் சிறுத்து நுனியைத் தொடாமல் இருக்கலாம். பார்வைத் துளை வழியாகப் பாருங்கள்: நீலச் சுடர் தெர்மோகப்பிளின் நுனியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் மறுபடி பற்றவைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

புது வகைக் கண்டென்சிங் பாய்லர் உறைபனிக் காலையில் கொடகொடவென்று சத்தமிட்டு நின்றால், பெரும்பாலும் காரணம் ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். இந்த வகை பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. அப்படிக் குளிர்ந்து விழும் லேசான அமில நீர் ஒரு குழாய் வழியாக வெளியேறுகிறது. குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் அந்த நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் தேங்கும் நீர் பாய்லரை நிறுத்திவிடும். உறைந்த இடம் பெரும்பாலும் வளைவிலோ, குழாய் முடியும் வாயிலோ இருக்கும். வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும். வழி திறந்ததும் ரீசெட் செய்யலாம். ரீசெட் பட்டனுக்கு நியாயமான வேலை இதுதான். ஆனால் ஒவ்வொரு பனியிலும் உறைகிறது என்றால் குழாய் போட்டவிதம் தவறு. வெளியே ஓடும் நீளம் குறைவாகவும், குழாய் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் அளவில் சரிவாகவும், வெயிலும் மழையும் தாங்கும் உறை சுற்றியும் இருக்க வேண்டும்.

இனி அழுத்தம். இதில்தான் நல்ல பாய்லர்கள் அநியாயமாகக் கெடுகின்றன.

பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். சூடானால் அரை பார் வரை கூடலாம். ஏறக்குறைய 0.5 பாருக்குக் கீழே போனால் பல பாய்லர்கள் பற்ற மறுக்கும்; 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே விடும். தண்ணீர் ஏற்ற வேண்டுமென்றால் பாய்லரை அணைத்து ஆறவிட்டு, நிரப்பு ஹோஸின் இரண்டு முனைகளிலும் உள்ள வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் 1.3 வந்ததும் இரண்டையும் இறுக மூட வேண்டும். ஒன்றை மட்டும் அரைகுறையாக மூடினால் நீர் கசிந்து ஏறிக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் முள் 3-ல் நிற்கும், வெளிச்சுவரில் வால்வுக் குழாய் சொட்டும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏற்றினால் பரவாயில்லை. மாதாமாதம் ஏற்றினால் தண்ணீர் எங்கோ போகிறது. ஏற்றும் ஒவ்வொரு முறையும் புது நீரோடு கரைந்த ஆக்சிஜனும் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன. அடைத்து வைத்த பழைய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து துரு நின்றுபோயிருக்கும். புது நீர் அதை மறுபடி தொடங்கிவைக்கும். ரேடியேட்டரின் எஃகு உள்ளிருந்து அரித்து, மை போன்ற கறுப்புச் சேறாகி, பம்பிலும், தீயின் சூட்டை நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய இடுக்குகளிலும் போய் உட்காரும். ஒரு சின்னக் கசிவை அடைக்காமல் தண்ணீர் ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் மாற்ற வேண்டியது ஒரு வாஷரை அல்ல, ஹீட் எக்ஸ்சேஞ்சரை.

கசிவைத் தேட ஒரு ஒழுங்கு இருக்கிறது. காய்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் கழுத்திலும், அடியில் நட்டு இருக்கும் இடத்திலும் ஒற்றிப் பாருங்கள். சூடான குழாயில் சொட்டு விழுவதற்குள் உலர்ந்துவிடும். ஆனால் தடயம் நிற்கும். பித்தளை நட்டைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கும், பெயிண்ட் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும், அல்லது விரலால் தேய்த்தால் உதிரும் வெள்ளை உப்பு இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் வெளிச்சுவரில் பாதுகாப்பு வால்வுக் குழாயின் வாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைத் தளர்வாக மாட்டிவிடுங்கள். மறுநாள் பையில் தண்ணீர் இருந்தால் வால்வு கசிகிறது. அங்கும் இல்லையென்றால், இரவு பாய்லரை அணைத்து ஆறவிட்டு, பாய்லரின் அடியில் ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பும் குழாய்கள் இரண்டின் வால்வுகளையும் மூடி வையுங்கள். காலையில் பாய்லரின் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். முள் அசையாமல் இருந்து, வால்வுகளைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால் கசிவு வீட்டுக் குழாய்களில், பெரும்பாலும் தரைக்கு அடியில். பாய்லரை மறுபடி போடும் முன் அந்த இரண்டையும் முழுமையாகத் திறந்துவிட மறக்காதீர்கள்.

சூடானால் முள் 3-க்கு ஏறுகிறது, ஆறினால் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது என்றால் கசிவைத் தேடி அலைய வேண்டாம். அது விரிவுக் கலத்தின் கோளாறு. 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது 100 லிட்டர் நீர் சுமார் இரண்டேகால் லிட்டர் கூடுகிறது. நீர் அமுங்காது, கூடிய அளவுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது விரிவுக் கலத்தில் ரப்பர் டயாஃப்ரத்துக்கு அப்பால் அடைத்துள்ள காற்று, பொதுவாக 0.75 முதல் 1 பார். வருடங்கள் போகப் போக அந்தக் காற்று இறங்கும். இடம் இல்லாத நீர் பாதுகாப்பு வால்வைத் தள்ளித் திறந்து வெளியேறும், ஆறியதும் அழுத்தம் விழும், நாம் மறுபடி ஏற்றுவோம். கலத்தின் காற்று முனையை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டும். காற்று வந்தால், நீர் அழுத்தத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு மறுபடி அடிக்கலாம். நீர் அழுத்தம் இருக்கும்போதே அடித்தால் அளவு தவறாகக் காட்டும். அதனால் வருடாந்தர சர்வீஸில் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பல முறை திறந்து மூடிய பாதுகாப்பு வால்வின் இருக்கையில் தூசி மாட்டி, கலம் சரியான பிறகும் சொட்டலாம்; அதையும் கூடவே மாற்றுவது நல்லது.

ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தே பலதும் சொல்லலாம். மேல்பகுதி குளிர்ந்து அடிப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று. பாய்லரை நிறுத்தி ஆறியதும், சாவியால் காற்றுத் திருகைக் கால் சுற்று திருப்பி, சீறல் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். பிறகு அழுத்தத்தைச் சரிபாருங்கள். அடிப்பகுதியின் நடு குளிர்ந்திருந்தால் கறுப்புச் சேறு தங்கியிருக்கிறது. பாய்லருக்கு அருகில் உள்ளவை கொதிக்க, கடைசி அறை மட்டும் ஆறிக் கிடந்தால் அது பழுதே அல்ல, வால்வுகளைச் சமன்செய்யாத குறை. ஒரே ரேடியேட்டரில் வாரம் ஒருமுறை காற்று சேர்கிறது என்றால் கவனியுங்கள்: வெளியிலிருந்து காற்று இழுக்கிறது, அல்லது உள்ளே அரிப்பு நடந்து ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. காற்றைத் திறந்துவிடுவது அதற்கு மருந்தாகாது. வீட்டு நீரில் அரிப்புத் தடுப்பு மருந்து இருக்கிறதா, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீரை வடித்து நிரப்பிய எவரும் மருந்தை மறுபடி சேர்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான்.

கெட்டில் கொதிப்பதுபோல பாய்லர் இரைந்தால், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்போ சேறோ படிந்து அந்த இடத்தில் மட்டும் நீர் கொதித்து ஆவிக் குமிழ் உடைகிறது. சுத்தம் செய்யாமல் ஓட்டினால் உலோகம் விரிசல் விடும்.

வெந்நீர்ப் புகார்களில் பாதி பாய்லரின் பழுதே அல்ல. 24 கிலோவாட் பாய்லர் ஒன்று நீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்தினால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர்தான் தர முடியும். குளிர்காலத்தில் உள்ளே வரும் நீர் இன்னும் சில்லென்று இருக்கும். குழாயை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பாக வருவது கணக்குப்படி சரி. குழாயைப் பாதி மூடிப் பாருங்கள்; நன்றாகச் சூடானால் பாய்லர் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியும் சூடாகவில்லை, அல்லது சூடும் குளிருமாக மாறி மாறி வருகிறது என்றால் குழாய் நீரைச் சூடாக்கும் தட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்பு ஏறியிருக்கலாம், வெப்ப உணரி தவறாகச் சொல்லலாம். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ரேடியேட்டரும் சூடாகிறது என்றால், சூட்டை ரேடியேட்டர் பக்கமோ வெந்நீர் பக்கமோ திருப்பிவிடும் மூவழி வால்வு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுமே மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவை.

இதுவரை சொன்னவற்றில் தாமதித்தால் பணம்தான் போகும். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் உயிர் போகும். காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகச் சோம்பி எரிவது, மூடியைச் சுற்றிப் பழுப்புக் கறையோ கரியோ படிவது, பைலட் அடிக்கடி அணைவது, ஜன்னல் கண்ணாடியில் வழக்கத்துக்கு மீறி ஈரம் கோப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே போனால் குறைகிறது என்றால் சளி, காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள். பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியேறி, மருத்துவ உதவி கேளுங்கள். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. தனி கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அதன் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியில் மாற்ற வேண்டும். கேஸ் வாடை வந்தால் அது வேறு ஆபத்து: எந்த சுவிட்சையும் போடவும் அணைக்கவும் வேண்டாம், தீக்குச்சி வேண்டாம், கைக்கெட்டினால் கேஸ் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போன பிறகே போன் செய்யுங்கள். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு மேலே ஏறும். சிலிண்டர் கேஸ் தரையோடு படிந்து கீழ்த்தளத்திலும் சாக்கடையிலும் தேங்கும், சீக்கிரம் கலையாது.

வருட சர்வீஸ் என்று வந்து மூடியைத் துடைத்துவிட்டுப் போவது சர்வீஸ் அல்ல. புகைக்குழாயில் கருவியை நுழைத்து கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு விகிதம் எடுத்தார்களா என்று கேளுங்கள். கண்டென்சிங் பாய்லரில் அது பொதுவாக 0.004-ஐத் தாண்டக் கூடாது. பர்னரைத் திறந்திருந்தால் கேஸ்கெட் மாற்றினார்களா, அமில நீர் வடியும் வழியில் நீரைத் தேக்கிப் புகையைத் தடுக்கும் டிராப்பைக் கழுவி நீர் நிரப்பி வைத்தார்களா என்றும் கேளுங்கள். டிராப் காலியாக இருந்தால் புகை அந்த வழியாகவே வீட்டுக்குள் வரும்.

ஆளைக் கூப்பிடும்போது பாய்லரின் மாடல் எண், திரையில் தெரியும் பிழை எண், ஆறியபோதும் சூடானபோதும் முள் காட்டிய அளவு, பற்றவைக்கும் வரிசையில் எந்தச் சத்தம் வரை கேட்டது, கடைசியாக எப்போது தண்ணீர் ஏற்றினீர்கள் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். பிழை எண்ணை ரீசெட் செய்து அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை ரீசெட் செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வருபவர் எந்தப் பாகத்தை முதலில் பார்ப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

இப்படிக்கு,
கேஸ் பாய்லர் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்